லேசர் கைத்தடி: 4 மாசம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

எங்க வீட்டுக்காரருக்கு பார்க்கின்சன் வந்து 7 வருஷம் ஆச்சு, கை நடுக்கம் கூட பழகிப்போச்சு ஆனா நடந்துக்கிட்டே இருக்கறப்ப திடீர்னு கால் தரையோட ஒட்டிக்கிட்டு நின்னுடும் பாருங்க, அதுதான் எங்கள ஆட்டி வச்சிடுச்சு. பினாங்கு ஜெலுத்தோங் பக்கம் ஃபிளாட்ல இருக்கோம், லிஃப்ட் கதவு திறந்தா உள்ள வைக்க கால் வராது, பாத்ரூம் வாசல்லயும் அதே மாதிரிதான். நான் கைய புடிச்சு இழுப்பேன். இழுக்காதீங்க, மேல் உடம்பு முன்னாடி வந்துடும் கால் அங்கயே நிக்கும்னு பிசியோ சொல்றதுக்குள்ள ஒரு நாள் ரெண்டு பேருமே விழுந்துட்டோம். என் இடுப்பு புடிச்சுக்கிட்டு 2 வாரம் குனிய முடியல.

அந்த பிசியோதான் இந்த தடிய காட்டுனாங்க. தரையில ஊனி அழுத்துனா காலுக்கு முன்னாடி குறுக்க ஒரு சிவப்பு கோடு விழும், அவர் அத தாண்டி கால் வைக்கணும். யோசிக்காம தானா நடக்கறதுக்கு மூளையில டோபமைன் வேணுமாம், அது குறையறப்ப கால் நின்னுடுது, கண்ணுக்கு ஒரு கோடு கிடைச்சா மூளை வேற வழியில கால தூக்க வைக்குதாம். ஆனா எல்லாருக்கும் ஒத்து வராது. மொதல்ல பாத்ரூம் வாசல்ல கலர் டேப் குறுக்க ஒட்டி பாருங்க, அதுக்கு கால் அசைஞ்சா தடி வாங்குங்க, ஏன்னா இது 300 வெள்ளி கிட்ட ஆகுது.

வீட்டுக்குள்ள அருமை. மொத நாள் லிஃப்ட் வாசல்ல அந்த கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு, சட்டுனு வலது கால தூக்கி உள்ள வச்சாரு, நான் தொடக்கூட இல்ல, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

வெளிய வெயில்ல கோடு தெரியவே தெரியாது, வித்த கடையில இத ஒரு வார்த்தை சொல்லல, அதுல எனக்கு வருத்தம்தான். பார்க்கின்சனுக்கு அவர் சாப்பிடற மடோபார் மாத்திரையோட வேகம் இறங்கற நேரத்துல கோடு இருந்தும் சில நாள் நிக்கிறாரு, அதுக்கு தடிய குறை சொல்ல மாட்டேன், மணி பாத்து சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடியே மாத்திரை குடுத்துடறேன். பிள்ளைங்க கண்ணுல லேசர் படாம பாத்துக்குங்க.

இப்ப காலையில மாத்திரை வேலை செஞ்சு அவர் நல்லா நடக்கற நேரமா பாத்து, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டு தண்ணீர்மலை பக்கம் ஒரு மணி நேரம் நடந்துட்டு வரேன். முன்னாடியெல்லாம் மார்க்கெட் போனாலும் பாத்ரூம் வாசல்ல நிக்கிறாரோன்னு மனசு அடிச்சுக்கும், பாதி சாமான் வாங்காமலே ஓடி வருவேன். போன வாரம் நான் திரும்பி வந்தப்ப அவரே வந்து கதவ திறந்தாரு, கையில தடி, அந்த சிவப்பு கோடு என் செருப்பு மேல விழுந்து கெடந்துச்சு.