ஏற்காடு ஏறி இறங்கும் காருக்கும், மலையில் இருக்கும் வீட்டுக்கும் இன்சூரன்ஸ்: பல வருட அனுபவம்

நாங்கள் இருப்பது சேலம் அழகாபுரத்தில். மாமனார் வீடு ஏற்காட்டில். வாரக் கடைசி ஆனால் கார் பெரும்பாலும் மலையில்தான் நிற்கும். காருக்கு முழு இன்சூரன்ஸும், மாமனார் வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியும் பல வருடமாகப் புதுப்பித்து வருகிறேன். பிரீமியம் எங்கே நூறு இருநூறு குறையும் என்று தேடுவதைவிட, நாம் ஓட்டும் ரோட்டுக்கும் வீடு நிற்கும் மண்ணுக்கும் பாலிசி பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் உதவுகிறது. இத்தனை வருடத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்.

முதலில் கார். சட்டப்படி கட்டாயம் என்பது தேர்டு பார்ட்டி மட்டும்தான். அது இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடியும் மாட்டினால் 4,000. ஆனால் தேர்டு பார்ட்டி என்பது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு. நம் வண்டிக்கு அதில் ஒரு பைசா வராது. மலையில் வண்டி நிறுத்துகிறவர்கள் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அங்கே நம் வண்டியைச் சேதப்படுத்துவது பெரும்பாலும் இன்னொரு வண்டி அல்ல. மரக்கிளை, உருண்டு வரும் கல், மண்.

எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. ஒரு மழைக்காலத்தில் வாசலில் நின்ற கார் மேல் சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தது. முன் கண்ணாடி, பானெட், பம்பர் மூன்றும் போயின. கிளையை அகற்றுவதற்கு முன்பே நாலா பக்கமும் போட்டோ எடுத்தோம். நம்பர் பிளேட்டும் கிளையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி ஒன்று. பிறகுதான் கம்பெனிக்குப் போன் செய்தோம். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து பார்த்தபோது அந்த ஒரு படம்தான் பேச்சை முடித்து வைத்தது.

பில்லில் கணக்கு எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண முழு இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி எல்லாம் பாதி. அதாவது பம்பர் 12,000 ரூபாய் என்றால் 6,000 நம் தலையில். பானெட் போன்ற இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. நாலு முடிந்து ஐந்தாவது வருடம் ஓடும் வண்டி என்றால் 35 சதவீதம் கழிப்பார்கள். தேய்மானம் கழிக்காமல் இருக்கக் கூடுதலாகச் சேர்க்கும் ஜீரோ டெப், அதாவது எல்லோரும் சொல்கிற ‘பம்பர் டு பம்பர்’, எடுத்திருந்ததால் எங்களுக்கு இந்தக் கழிவு இல்லை. 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு நாம் கட்டியே ஆக வேண்டிய 1,000 ரூபாயும், கிளிப், போல்ட் மாதிரியான சில்லறைச் சாமான்களின் விலையும்தான் கையிலிருந்து போனது.

இப்படிக் கூடுதலாகச் சேர்க்கும் இன்னொன்று எஞ்சின் புரொடெக்ட், எஞ்சின் சேதத்துக்கான காப்பு. மலைக்கு அல்ல, சேலத்துக்கே இது தேவை. பெரிய மழை பெய்தால் திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தண்ணீரில் நின்றுபோன வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண பாலிசியில் இதை வெள்ளச் சேதமாக ஒப்புக்கொள்ளாமல் தட்டிக்கழிக்க இடமுண்டு. தண்ணீரில் வண்டி நின்றால் சாவியைத் தொடாதீர்கள். தள்ளி வெளியே கொண்டுவந்து, டோ செய்து எடுத்துப் போங்கள்.

நோ கிளைம் போனஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி இது. கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும். ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் சின்னக் கீறல், ஒடுக்குக்கெல்லாம் கிளைம் போகாமல் இருப்பதே லாபம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும். வண்டியை விற்றால் போனஸ் நம்மோடு வரும், வாங்குகிறவருக்குப் போகாது.

இன்சூரன்ஸ் எதுவும் செய்ய முடியாத விஷயம் பிரேக். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது மூக்கில் கருகல் வாடை அடிப்பதை வைத்தே முன்னால் போகிறவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறார் என்று சொல்லிவிடலாம். எங்கள் மெக்கானிக் வண்டியை விடும்போதெல்லாம் சொல்வார்: “சார், ஏறுன கியர்லயே இறங்குங்க. பிரேக்க விட்டு விட்டு மிதிங்க.” அதுதான் சரி. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேராக இறங்குகிற பிள்ளைகளைப் பார்த்தால் மனது பதறுகிறது. அதில் எஞ்சின் பிடிமானம் குறைவு, எல்லாப் பாரமும் பிரேக் மேல்தான். வழியில் நிறுத்தி ஆறவிட்டு இறங்கச் சொல்லுங்கள். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. அது மரியாதை மட்டுமல்ல, ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி எடுப்பது அவ்வளவு கஷ்டம்.

சொந்த போர்டு காரை வாடகைக்கு ஓட்டுவது இங்கே நிறைய நடக்கிறது. அந்த நேரத்தில் விபத்து நடந்தால் பாலிசி இருந்தும் இல்லாத நிலைதான். உறவுக்காரருக்குக் கார் கொடுப்பதாக இருந்தாலும் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே சாவியைக் கொடுங்கள்.

இனி வீடு. “மாப்ள, மண்ணு சரிஞ்சா எவனுங்க காசு குடுக்கப் போறான்?” என்றுதான் மாமனார் ஆரம்பத்தில் கேட்டார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது அவரே பாலிசியை எடுத்து மேஜையில் வைத்து வாசித்தார். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே வாசகத்தில் தரும் பாலிசி இது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் உண்டு. மலைக்காரர்களுக்கு முக்கியமானது, ‘வீடு’ என்ற சொல்லுக்குள்ளேயே காம்பவுண்டு சுவரும் மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவரும் வந்துவிடுகின்றன என்பது. ஆனால் அவற்றைக் கட்டும் செலவையும் காப்புத் தொகையில் சேர்த்திருக்க வேண்டும்.

தொகையை நிலத்தின் விலையை வைத்துப் போடாதீர்கள். இடிந்தால் திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு: சதுர அடி, அதைப் பெருக்க இன்றைய கட்டுமானச் செலவு. மலையில் மணலும் சிமெண்டும் ஏற்றிக் கொண்டுவரும் கூலியும் சேரும். சேலத்து ரேட்டைப் போட்டால் பற்றாது. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

இதில் கிடைக்காதவற்றையும் சொல்லியாக வேண்டும். புதுக் கட்டடம் இறங்கி விழும் விரிசல், மட்டமான கட்டுமானம், பக்கத்தில் மண் தோண்டியதால் வந்த சேதம் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. பக்கத்து மனையில் ஜேசிபி இறங்குகிறது என்றால் அன்றே நம் சுவரைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். சாதாரணத் திருட்டும் இதில் வராது, அதற்குத் தனிப் பாலிசி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். தொழில் சரக்கு வீட்டுச் சாமான் கணக்கில் சேராது. சிறு தொழிலுக்கென்று ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

வீட்டுக்கடன் வாங்கிய நண்பருக்கு வங்கியில் கடன் பாக்கித் தொகைக்கு மட்டும் பாலிசி போட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டடத்தின் முழுச் செலவில் அது பாதிகூட இல்லை. உங்கள் காகிதத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் அடுப்படி. சிலிண்டர் வந்ததும் கைப்பிடியின் உள்பக்கம் எழுதியிருக்கும் எழுத்தைப் பார்ப்பேன். சி-27 என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பர் வரை உள்ள காலாண்டு, அதற்குள் சோதனைக்கு அனுப்ப வேண்டிய சிலிண்டர் என்று பொருள். தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ஆரஞ்சு ரப்பர் குழாய்க்கு ஐந்து வருட ஆயுள், வருடம் அதிலேயே அச்சாகியிருக்கும். கரண்டுக்கு, மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம்.

கிளைமை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இந்தப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைப்பவரிடம் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது.

மாமனார் இப்போது மாடியில் சோலார் பேனல் போட்டிருக்கிறார். அதுவும் கட்டடத்தோடு சேரும் என்று பாலிசியில் இருப்பதால், அடுத்த புதுப்பிப்பில் அதன் விலையையும் கூட்டிப் போடச் சொல்லியிருக்கிறேன்.