நேரத்தைச் சேர்த்துக் கொடுப்பதா, வீரரை வெளியே நிறுத்துவதா?

வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை வட்டாரங்களில் ஒரே நாளில் நடத்தி முடிக்கப்படும் நாக் அவுட் கால்பந்துப் போட்டிகளில், ஒரு கோல் முன்னிலை பெற்ற அணியின் வீரர்கள் கடைசி ஐந்து நிமிடங்களில் மட்டும் அடுத்தடுத்துக் காலைப் பிடித்துக்கொண்டு சாய்வதும், "டைம் ஓட்றாங்க சார், பாருங்க" என்று எதிரணிப் பயிற்சியாளர் கோட்டருகே நின்று கத்துவதும் வழக்கமான காட்சிகள். இதைக் கட்டுப்படுத்த உலகக் கால்பந்தில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன: இழந்த நேரத்தை நடுவர் கடைசியில் சேர்த்துக் கொடுப்பது, பந்து நிற்கும்போதெல்லாம் கடிகாரத்தையும் நிறுத்துவது, தரையில் சிகிச்சை பெற்ற வீரரைச் சிறிது நேரம் வெளியே நிறுத்திவைப்பது. முதல் இரண்டும் நேரத்தை ஈடுகட்டுகின்றன; மூன்றாவது மட்டுமே விழுபவரின் அணிக்கு இழப்பை உண்டாக்குகிறது. நம் மைதானங்களுக்கு மூன்றாவதே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அதை அப்படியே எடுத்துக் கையாள முடியாது.

சேர்த்துக் கொடுக்கும் முறை பழையது, எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்ட விதிகளின் ஏழாவது விதிப்படி, வீரர் மாற்றம், காயம், நேரக் கடத்தல், கோல் கொண்டாட்டம் ஆகியவற்றில் போன நேரத்தை நடுவர் சேர்க்க வேண்டும். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இது கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்டது. இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பர் பெய்ரன்வந்த் தன் அணி வீரருடனேயே மோதித் தலையில் அடிபட்டதால், முதல் பாதிக்கு மட்டும் 14 நிமிடங்கள் கூடுதலாகத் தரப்பட்டன. நான்காவது நடுவரும் வீடியோ அறையும் இருக்கும் இடத்தில் இது நடக்கும். ஒற்றை நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடும் இடத்தில், அடுத்த ஆட்டத்தின் இரு அணிகளும் ஜெர்சி போட்டுக் காத்திருக்கையில், வெளிச்சமும் குறைந்துகொண்டிருக்கையில், ஐந்து நிமிடம் போனதற்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது.

கணக்குச் சரியாகவே இருந்தாலும் குறை தீராது. பின்தங்கிய அணி தொடர்ந்து தாக்கி, எதிரணியின் தற்காப்பு வீரர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில்தான் ஒருவர் விழுகிறார். அந்த இரண்டு நிமிடத்தில் அவருடைய அணி தண்ணீர் குடித்து, இடம் மாறி நின்று, ஆசுவாசப்படுத்திக்கொள்கிறது. பிறகு சேர்த்துக் கொடுக்கப்படும் இரண்டு நிமிடம், இளைப்பாறி முடித்த தற்காப்புக்கு எதிராக ஆட வேண்டிய இரண்டு நிமிடம். பறிபோனது ஆட்டத்தின் வேகம். திரும்பி வருவதோ வெறும் நேரம்.

கடிகாரத்தை நிறுத்தும் முறைக்கும் இதே பதில் பொருந்தும். 90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் ஆடப்படும் நேரம் பெரும்பாலும் 60 நிமிடத்தைத் தொடுவதில்லை என்பதால், பாதிக்கு 30 நிமிடம் மட்டும் வைத்து, பந்து நிற்கும்போது கடிகாரத்தை நிறுத்தலாம் என்ற யோசனையைச் சர்வதேசக் கால்பந்து விதிகள் வாரியம் 2017இல் விவாதத்துக்கு முன்வைத்தது. அமெரிக்காவின் எம்.எல்.எஸ். லீக் 1996இல் தொடங்கியபோது நிறுத்திவைக்கக்கூடிய இறங்குமுகக் கடிகாரத்தைப் பயன்படுத்தி, சில ஆண்டுகளில் கைவிட்டது. உள்ளரங்கில் ஐவர் ஆடும் ஃபுட்சாலில் பாதிக்கு 20 நிமிடம் என்று இந்த முறை இன்றும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் அங்கே பந்தை நான்கு நொடிக்குள் ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் கூடவே இருக்கிறது, கடிகாரத்தை மட்டும் நம்பி அவர்கள் விட்டுவிடவில்லை. நம் போட்டிகளில் ஒரு செல்போனை வைத்தே கடிகாரத்தை நிறுத்தி ஓட்டலாம். கருவி ஒரு தடையல்ல. ஆட்டம் எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாது என்பதுதான் தடை. ஒரே மைதானத்தில் காலை முதல் மாலை வரை வரிசையாக ஆட்டங்களை வைத்திருக்கும் அமைப்பாளர் இதற்கு இணங்க மாட்டார்.

மூன்றாவது முறையை எம்.எல்.எஸ். 2024இல் கொண்டுவந்தது. 15 நொடிக்கு மேல் தரையில் கிடந்து, மருத்துவக் குழு உள்ளே வர நேர்ந்தால், அந்த வீரர் இரண்டு நிமிடம் வெளியே இருக்க வேண்டும். தலைக்காயம் போன்றவற்றுக்கும், எதிரணி வீரர் கார்டு பெறும் அளவுக்குச் செய்த ஃபவுலுக்கும் விலக்கு உண்டு. இங்கிலாந்து பிரீமியர் லீக் 2023இல் வெளியே நிற்க வேண்டிய நேரத்தை 30 நொடி என்று வைத்தது. நம் எழுவர் ஆட்டத்தில், பாதிக்கு 20 நிமிடம் மட்டுமே இருக்கும்போது, இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவது மிகக் கடுமை. ஒரு நிமிடம் போதும்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. நம் மைதானங்கள் பல கெட்டியான மண் தரைகள். முட்டி தேய்வதும் கணுக்கால் பிசகுவதும் நடிப்பல்ல. வெளியே போனால் அணிக்கு ஆள் குறையும் என்ற பயத்தில் பையன்கள் வலியை மறைத்துக்கொண்டு ஆடுவார்கள். ஆகவே தலையில் அடிபட்டால் எந்தக் கணக்கும் பார்க்கக் கூடாது. மற்றக் காயங்களுக்கு, அந்த ஒரு நிமிடத்துக்குப் பதிலாக, மாற்று வீரர் உடனே உள்ளே வரலாம், ஆனால் விழுந்தவர் அந்தப் பாதியில் திரும்பக் கூடாது என்று வைக்கலாம். உண்மையாக அடிபட்டவருக்கு இதனால் நட்டமில்லை. நடிப்பவரின் அணியோ ஓர் ஆட்டக்காரரை இழக்கும்.

மிச்சமிருப்பது கோல்கீப்பர். சிகிச்சை பெற்றாலும் அவர் வெளியே போக வேண்டியதில்லை என்பதால், இப்போதெல்லாம் விழுவது அவர்தான். மற்றவர்கள் பயிற்சியாளரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் 2025-26 பருவம் முதல் தீர்வு வந்துவிட்டது: எட்டு நொடியைத் தாண்டினால் எதிரணிக்குக் கார்னர், கடைசி ஐந்து நொடியை நடுவர் விரல்களால் எண்ணிக் காட்டுவார். முன்பிருந்த ஆறு நொடி விதிக்கு மறைமுக ஃப்ரீ கிக் (நேரடியாகக் கோல் அடிக்க முடியாத உதை) தண்டனையாக இருந்தும், நடுவர்கள் அதை அநேகமாகப் பயன்படுத்தவே இல்லை. கோல்கீப்பர் படுத்துக்கொள்ளும்போதும் இப்படி ஒன்று வேண்டும்: தலைக்காயமோ எதிரணியின் ஃபவுலோ இல்லையென்றால், கேப்டன் காட்டும் வேறொரு வீரர் ஒரு நிமிடம் வெளியே நிற்கட்டும்.

இவற்றை முதல் ஆட்டத்தின் டாஸுக்கு முன்பே எல்லா கேப்டன்களிடமும் சொல்லிவிட வேண்டும். அரையிறுதியில் முதன்முறையாக விசில் ஊதினால், அதைப் பற்றிய வாக்குவாதமே இறுதி ஆட்டத்துக்கான நேரத்தைத் தின்றுவிடும்.