கரூவா, கமஞ்சாக்கா: பாலைக் கரையின் இரண்டு ஈரச் சொற்கள்

தென் அமெரிக்காவின் பெரு, சிலி நாடுகளின் கரையோரத்தில் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கடற்காற்றைக் குளிர்விக்கிறது. மேகம் தாழ்வாகத் திரளும், மழையாக மாறாது. இந்த ஈரத்துக்குத்தான் இரண்டு ஸ்பானியச் சொற்கள்.

கரூவா என்பது நுண்தூறல். நம் 'தூறல்' கூட இதற்குக் கொஞ்சம் கனம்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை லிமா நகரில் சாலை நனையும், துணி காயாது, ஆனால் குடை பிடிக்கத் தேவையில்லை. 'மூடுபனி' எனப் பொருள்படும் போர்த்துகீசிய வட்டார வழக்கிலிருந்து வந்த சொல் இது. வினையாகவும் வழங்குகிறது, எக்குவடோர், அர்ஜென்டினா வரை புழங்குகிறது.

கமஞ்சாக்கா, ஆண்டிஸ் மலைப் பழங்குடியினரின் அய்மாரா மொழி தந்தது. இது விழுவதில்லை, அடகாமா பாலையின் கரையோரக் குன்றுகளில் நகர்ந்து ஏறும் அடர்ந்த மூடுபனி. துளிகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் தரையில் இறங்காமல் காற்றோடு போய்விடும். குறுக்கே வலை கட்டினால் சிக்கும். சிலியின் சுங்குங்கோ என்ற மீனவர் கிராமம் 1990களில் இப்படி மலைமேல் வலை விரித்துக் குடிநீர் பெற்றது. அந்த வலைக்கும் ஸ்பானியத்தில் தனிப்பெயர் உண்டு: 'அத்ராபநியெப்லாஸ்', அதாவது பனிபிடிப்பான்.

மேலே விழுந்து நனைத்தால் கரூவா, உங்களைச் சூழ்ந்து கடந்தால் கமஞ்சாக்கா. அன்றாடப் பேச்சுக்குக் கரூவாவே அதிகம் உதவும். எனக்குப் பிடித்தது மற்றதுதான்: ஸ்பானியர் வருமுன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கண் அதில் இருக்கிறது.