பத்து வெள்ளி அட்டையா, ஆறு வெள்ளி பாஸா, நீல டோக்கனா?

எங்கள் ஊர் பத்தாங் காலியில் இருந்து தினமும் ரயிலில் கோலாலம்பூருக்கு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு யாரும் கணக்குச் சொல்லித்தர வேண்டாம். எதை வாங்கினால் மிச்சம் என்ற சிக்கல், எப்போதாவது போகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு அப்பாய்ண்ட்மென்ட், தீபாவளிக்கு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை, அவ்வளவுதான். சில மாதம் அதுவும் இல்லை.

முதலில் மை50 என்கிற 30 நாள் பாஸ் (வெள்ளி என்று நாங்கள் சொல்வது ரிங்கிட்டைத்தான்). பக்கத்து வீட்டுத் தம்பி பட்டணத்தில் வேலை பார்க்கிறான். "50 வெள்ளி போட்டால் 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரெபிட் பஸ் எல்லாம் ஏறலாம்ணே" என்று அவன் சொன்னதும் எனக்கும் ஆசை வந்தது. எல்லாம் பட்டணத்துக்குள் ஓடும் ரெபிட் கேஎல் நிறுவனத்து ரயிலும் பஸ்ஸும்தான். மலேசியக் குடிமக்களுக்கு மட்டும் உள்ள சலுகை, நல்ல சலுகைதான். ஆனால் எங்கள் ஊரில் நிற்கும் கேடிஎம் கொமுட்டர் ரயிலுக்கு அது செல்லாது. நம் பயணத்தில் நீளமான பகுதியே கொமுட்டர்தான். ரவாங் தாண்டி சுங்கை பூலோவில் இறங்கி, கேட்டில் அட்டையைத் தட்டி வெளியே வந்து, எம்ஆர்டி கேட்டில் மறுபடி தட்டுகிற இடத்தில்தான் பாஸுக்கே வேலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து போகவர ஆறு வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரே மாதத்தில் ஒன்பதாவது தடவை போகும்போதுதான் அந்த 50 வெள்ளி தேறும். ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒன்பது தடவை போகிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

அடுத்து மைசிட்டி என்கிற குறுகிய நாள் பாஸ். ஒரு நாளைக்கு 6 வெள்ளி, மூன்று நாளைக்கு 15 வெள்ளி. இதை எடுத்த உடனே மலிவு என்று சொல்லிவிட முடியாது. எம்ஆர்டியில் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஸ்டேஷனில் இறங்கி, டாக்டரைப் பார்த்துவிட்டு, நேராக வீட்டுக்குத் திரும்புகிற நாளில் ரெண்டே சவாரிதான். அந்த ரெண்டும் சேர்ந்து ஆறு வெள்ளியைத் தாண்டவில்லை என்றால் பாஸ் நட்டம். சேலை எடுக்கப் போகிற நாள் அப்படியல்ல. மஸ்ஜித் ஜாமெக் ஸ்டேஷனில் இறங்கி மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சுற்று, பிடித்த நிறம் கிடைக்காமல் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, அங்கே சாப்பிட்டுவிட்டு புக்கிட் பிந்தாங், கடைசியில் முதலில் பார்த்த சேலையையே எடுக்க மறுபடியும் மஸ்ஜித் ஜாமெக். என் வீட்டுக்காரியோடு போனால் ஆறு வெள்ளி பாஸ் மத்தியானத்துக்குள் தேறிவிடும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தப் பாஸை ஏற்றவும் டச் அண்ட் கோ அட்டை, அதாவது முன்கூட்டியே காசு ஏற்றி கேட்டில் தட்டுகிற அட்டை, வேண்டும். அட்டை விலை 10 வெள்ளி. அதனால் கையில் அட்டை இல்லாதவருக்கு முதல் நாள் செலவு ஆறு அல்ல, பதினாறு.

அப்படியென்றால் அட்டையே வேண்டாம், காசு கொடுத்து ஒரு சவாரிக்கு மட்டும் செல்லும் நீல டோக்கன் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்த சொந்தக்காரரைச் சுற்றிக் காட்ட நான் அதைத்தான் வாங்குவேன். டோக்கன் கட்டணம் அட்டைக் கட்டணத்தைவிடக் கூட, அது உண்மை. ஆனால் ஒரு சவாரிக்கு 50 காசு கூடக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், அட்டை விலையான பத்து வெள்ளியை மிச்சம் பிடிக்க இருபது சவாரி வேண்டும். வருசத்துக்கு ஒரு முறை வருகிறவருக்கு அது எப்போது தேறுவது? ரெபிட் பஸ்ஸில் மட்டும் டோக்கனும் உதவாது, காசும் வாங்க மாட்டார்கள்.

நம்மில் பலருக்கு அட்டை ஏற்கனவே காரில் டோலுக்குக் கிடக்கிறது. அதை எடுத்துப் போனால் புதுசுக்குச் செலவே இல்லை. நானும் அப்படித்தான் செய்தேன். சாயங்காலம் கார் எடுத்தவன் டோல் வரைக்கும் போய்விட்டேன், அட்டை என் வீட்டுக்காரியின் கைப்பையில். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனில் என்ன சொன்னார் என்று எழுத முடியாது. இன்னொன்று, ஒரே அட்டையில் குடும்பம் முழுக்கப் போக முடியாது. ஆளுக்கு ஒன்று தட்ட வேண்டும். நாலு பேர் வீட்டில் நாலு அட்டைக்கு நாற்பது வெள்ளி என்றால், பிள்ளைகளுக்கு டோக்கன் போதும் என்பேன். காசு ஏற்றும்போதும் பாருங்கள். சில கடைகளில் 50 காசு பிடிப்பார்கள். கைப்பேசியோடு ஒட்டி வைத்தாலே பேசுகிற என்எஃப்சி வசதி உள்ள புது அட்டை என்றால் கைப்பேசியிலேயே ஏற்றிக்கொள்ளலாம், அந்தக் காசு மிச்சம்.

இத்தனை கணக்கையும் என் அத்தையின் ஒரே அட்டை தோற்கடித்துவிட்டது. அறுபது வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு ரெபிட் கேஎல்லில் சலுகை அட்டை உண்டு, பாதிக் கட்டணம். அத்தையின் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கொண்டுபோய் எடுத்துக் கொடுத்தேன். கொமுட்டர் வேறு நிர்வாகம் என்பதால் அங்கே முதியோர் சலுகையைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் அங்கேயும் பாதிதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்குக்குப் போகிற அத்தைக்குப் பாஸும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம். அட்டையைக் கைக்குட்டையில் முடிந்து, அதை இடுப்பில் செருகி வைத்திருக்கிறார். கேட்டுக்கு முன்னால் நின்று முடிச்சை அவிழ்ப்பதற்குள் நான் உள்ளே போய் எஸ்கலேட்டர் அடியில் காத்துக்கொண்டிருப்பேன். "உனக்கு எவ்வளவு பிடிச்சான்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். சொன்னால், "எனக்குப் பாதிதான்" என்று சிரிப்பார்.