வெள்ளையா, பிரவுனா, நாட்டுக்கோழியா: முட்டை ருசி எதில் இருக்கிறது?

அண்ணாச்சி கடையில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முப்பது முட்டை அட்டையில் நாமக்கல் வெள்ளை, ஆறு முட்டைப் பெட்டியில் பிரவுன், கூடையில் நாட்டுக்கோழி முட்டை. விலையும் அதே வரிசையில் ஏறும். ருசிக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள் என்றால், அதை ஓட்டின் நிறத்துக்குக் கொடுக்காதீர்கள். என்றைக்கு இட்ட முட்டை என்பதற்குக் கொடுங்கள்.

ஓட்டு நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. லெகான் வெள்ளையாக இடும், வேறு சில இனங்கள் பிரவுனாக இடும். முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் ஓட்டின் மேல் படிகிற சாயம்தான் அது. பிரவுன் முட்டையை உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள், வெளுத்துத்தான் இருக்கும். ஓட்டையே தாண்டாத சாயம் கருவின் ருசியை எப்படி மாற்றும்? (வெள்ளையை ‘பிராய்லர் முட்டை’ என்பதும் தப்பு. பிராய்லர் கறிக்கு வளர்ப்பது. முட்டைக்கு வளர்ப்பது லேயர்.)

மஞ்சள் கரு வேறு கதை. அதன் நிறம் தீவனத்தில் இருந்து வருகிறது. மக்காச்சோளமும் பச்சிலையும் தின்றால் ஆழ்ந்த மஞ்சள். தீவனத்தில் சாமந்திச் சாறு கலந்தால் பண்ணைக் கோழிக்கும் அதே ஆரஞ்சு வரும். அதனால் நிறத்தை வைத்து மேய்ச்சல் கோழி என்று முடிவு கட்ட முடியாது. தீவனம் ருசியைத் தொடுவது பெரும்பாலும் கெட்ட பக்கம்தான்: மீன்தூள் கூடினால் கவிச்சி அடிக்கும். பிரவுன் முட்டையிடும் சில கோழி வம்சங்களுக்கு அந்த வாடையை உடம்பிலேயே முறிக்கும் திறன் குறைவு என்பதால், அது முட்டையில் இறங்கிவிடும்.

நாட்டு முட்டை ‘கெட்டியாக’ ருசிப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. முட்டை சின்னது, ஏறக்குறைய 40 கிராம். ஆனால் அதில் மஞ்சள் கருவின் பங்கு அதிகம். 55 கிராம் பண்ணை முட்டையில் வெள்ளைக் கரு தூக்கல். உங்களுக்குப் பிடிப்பது அந்தக் கொழுப்பு என்றால், இரண்டு வெள்ளை முட்டையோடு ஒரு மஞ்சள் கருவைக் கூடுதலாக அடித்து ஆம்லெட் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அங்கேயே வந்து நிற்கும். கூடையில் எல்லாம் ஒரே அச்சாக, ஒரே பழுப்பில், பெரிதாக இருந்தால் உஷார்: வெள்ளை முட்டையைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி நாட்டு முட்டை என்று விற்பது இங்கே பழைய வித்தை. அசல் முட்டையில் ஒன்று சந்தன நிறம், ஒன்று வெளிர் பழுப்பு என்று ஏறுமாறாகத்தான் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். முட்டை பழசாக ஆக, ஓட்டுத் துளைகள் வழியே ஈரமும் கரியமில வாயுவும் வெளியேறும். புதிதில் 7.6 அளவில் இருக்கும் வெள்ளைக் கருவின் பிஎச் (அமில-கார அளவு) 9-க்கு மேல் ஏறும். கெட்டி வெள்ளை நீர்த்துப்போகும், மஞ்சள் கருவைச் சுற்றிய சவ்வு தளரும். நாமக்கல்லில் இருந்து லாரியில் வந்து, மண்டி கடந்து, கடைக்கு வரும்போதே சில நாள் ஆகியிருக்கும். அதற்கு மேல் சென்னையின் மே மாத வெயிலில் வெளியே கிடக்கும் ஒரு நாள், ஃபிரிட்ஜின் பல நாளுக்குச் சமம். புரட்டாசியில் வேறு சிக்கல்: வாங்குபவர் குறைய, அட்டை கடையிலேயே தங்கிவிடும்.

இது அதிகம் தெரிவது ஆஃப் பாயிலில். புது முட்டையைக் கல்லில் ஊற்றினால் வெள்ளை மேடாக நிற்கும், மஞ்சள் நடுவில் குமிழாக உட்காரும். பழசு தண்ணீராக ஓடும், ஓரம் முறுகும், திருப்பும் முன்பே மஞ்சள் உடையும். மஞ்சளைப் பச்சையாக விடுகிற எதற்கும் பழசைத் தொடாதீர்கள், வயிற்றுக்கும் அதுதான் நல்லது. அரைவேக்காட்டில் எடுக்கிற ‘கலக்கி’யும் அப்படியே. வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு போட்ட ஆம்லெட்டிலோ பொடிமாஸிலோ மூன்று நாளுக்கும் பத்து நாளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அவித்த முட்டையில் கணக்கு தலைகீழ். புத்தம் புதிது ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது சதை சதையாகப் பிய்யும். பிரியாணிக்கும் தொக்குக்கும் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருந்ததே உத்தமம். பச்சைத் தண்ணீரில் போட்டு ஏற்றாமல், கொதிக்கும் தண்ணீரில் கரண்டியால் இறக்கி 11 நிமிடம் விடுங்கள். இட்லிக் குண்டானில் ஆவியில் என்றால் 12. உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். அதிக நேரம் கொதித்தால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையமும் கந்தக வாடையும் வரும், பழைய முட்டையில் இன்னும் சீக்கிரம்.

வயதைப் பார்க்க ஒரு சொம்புத் தண்ணீர் போதும். படுத்தால் புதிது. அகன்ற முனை தூக்கினால் கொஞ்சம் நாளானது, அவிக்கலாம். நட்டுக்கொண்டு நின்றால் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்துப் பிறகு சட்டியில் ஊற்றுங்கள். மிதந்தால் குப்பைக்கு. நனைந்த முட்டையைத் திரும்ப அட்டையில் அடுக்காதீர்கள். ஓட்டின் மேல் இருக்கும் காப்புப் படலம் போயிருக்கும், அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.