பெரியாறு அணை வதந்தியும் இரட்டை அம்புக்குறியும்

மழை வலுத்தால் போதும். அணைக்குத் தண்ணீர் வந்து சேருமுன் குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம் பக்கத்துக் குழுக்களுக்கு வீடியோ வந்துவிடும். “பெரியாறு அணை ஒடஞ்சிருச்சு, எல்லாரும் மேட்டுக்கு ஏறுங்க” என்று ஒரு குரல், பின்னால் நுரை கக்கும் மதகு. அந்த நேரத்தில் கைபேசியிலேயே இருக்கும் சரிபார்ப்பு வசதிகள் எவ்வளவு கைகொடுக்கும் என்று பார்ப்போம்.

முதலில் வாட்ஸ்அப். ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்திக்கு இரட்டை அம்புக்குறி விழும். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே தடவையில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தார்கள். 2020 ஏப்ரல் முதல் இரட்டை அம்பு விழுந்ததை ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் ஒரு நேரத்தில் அனுப்பலாம். நல்ல தடுப்புதான், ஆனால் ஓட்டை பெரிது. வீடியோவை கேலரியில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் கணக்கு மறுபடி பூஜ்ஜியம். எழுத்தை காப்பி பேஸ்ட் செய்தாலும் அப்படியே. அம்பு இல்லாததைப் பார்த்து “நம்ம மாமாவே எடுத்தது போல” என்று நம்பிவிடுவதுதான் இதில் ஆபத்து.

படத்தைக் கொடுத்தால் அதே போன்ற படங்களைத் தேடித் தரும் கூகுள் லென்ஸ் உண்மையிலேயே உதவும், பிடிக்கத் தெரிந்தால். வீடியோவை நிறுத்தி, மதகுத் தூண், கைப்பிடிச் சுவர், மலை முகடு ஏதாவது தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். கீழே ஓடும் எழுத்துப் பட்டையையும் சேனல் லோகோவையும் வெட்டிவிட்டுத் தேட வேண்டும்; இல்லையென்றால் லென்ஸ் அந்த எழுத்தைத்தான் தேடும். வேறு வேறு இடத்தில் மூன்று ஃப்ரேமாவது எடுங்கள். வெறும் நுரைத் தண்ணீர் இருக்கும் ஃப்ரேமைப் போட்டால் ஊரிலுள்ள அருவியெல்லாம் வரும். ஒன்றும் சிக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழைய வீடியோவைக் கண்ணாடி பிம்பமாக்கி விடுவது வழக்கமான தில்லுமுல்லு. குரல்பதிவுக்கு மட்டும் லென்ஸ் கையை விரித்துவிடும்.

பரவும் செய்தி உண்மையா பொய்யா என்று காட்டும் சரிபார்ப்புப் பட்டைகளை யூடியூப் 2019இல் இந்தியாவில் கொண்டுவந்தபோது ஆங்கிலமும் இந்தியும்தான். அதுவும் தேடினால்தான் வரும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டால் வீடியோ நேரே ஓட ஆரம்பித்துவிடும், பட்டை கண்ணிலேயே படாது.

எந்தச் செயலியும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது: அடிக்கணக்கு. முல்லைப்பெரியாற்றுக்கு அதன் சொந்த அளவுகோல்; உச்ச நீதிமன்றம் 2014 மே 7 தீர்ப்பில் தண்ணீர் தேக்க அனுமதித்தது 142 அடி. அதே ஆற்றில் கீழே உள்ள இடுக்கி அணைக்குக் கடல் மட்டத்திலிருந்து கணக்கு, முழு அளவு 2,403 அடி. வேறு வேறு இடத்திலிருந்து எண்ணும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு ஃபார்வர்டு வந்தால் யாருக்கும் வயிறு கலங்கும். “நின்று யோசியுங்கள்” என்று பொதுவாகச் சொல்லும் விழிப்புணர்வு விளம்பரம் இங்கே என்ன செய்யும்?

மக்களுக்குச் சரிபார்க்கக் கற்றுத்தரத் தளங்கள் என்ன செய்கின்றன என்று யார் கண்காணிக்கிறார்கள்? பொய்த்தகவலுக்கு எதிரான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 நடத்தை விதிகளில் ஊடக அறிவை வளர்ப்பது தனி உறுதிமொழி. அதில் கையெழுத்திட்ட தளங்கள் நாடுவாரியாக அறிக்கை தர வேண்டும். அங்கேயும் பெரும்பாலும் “இத்தனை பேர் பார்த்தார்கள்” கணக்குதான், புரிந்ததா என்ற கணக்கில்லை. இந்தியாவின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 50 லட்சம் பயனாளர்களுக்கு மேல் உள்ள தளங்கள் மாதந்தோறும் கொடுப்பது, எத்தனை புகார், என்ன நடவடிக்கை என்ற பட்டியல். தமிழில் என்ன செய்தீர்கள் என்று அதில் கேள்வியே கிடையாது.

உருப்படியானது, ஏஐ போலிகளை ஆராயும் டீப்ஃபேக்ஸ் அனாலிசிஸ் யூனிட் என்ற குழு 2024 மார்ச்சில் தொடங்கிய வாட்ஸ்அப் எண். சந்தேகப்படும் ஆடியோவையோ வீடியோவையோ அனுப்பிக் கேட்கலாம், தமிழும் தெலுங்கும் உண்டு. திரையைப் படம்பிடித்து அனுப்பாதீர்கள், தரம் குறைந்துவிடும். வந்த கோப்பையே அனுப்புங்கள். ஏஐ வேலையா என்றுதான் பார்ப்பார்கள், பழைய வெள்ள வீடியோவுக்கு லென்ஸ்தான் கதி. தொடங்கியபோது அந்த மொழிப் பட்டியலில் மலையாளம் இல்லை. எஸ்டேட் குழுக்களில் இரண்டு மொழியும் கலந்தே வரும் வண்டிப்பெரியாற்றுக்கு அது பெரிய குறை.