பாதியில் நிற்கும் தையல்: ஒவ்வொன்றாகவா, மொத்தமாகவா?

கொக்கி வைக்காத ரவிக்கை, ஃபால்ஸ் அடிக்காத புடவை, துண்டுகளை இணைத்ததோடு நின்றுபோன பழம்புடவை விரிப்பு என்று மூட்டை சேர்ந்துவிட்டால், முடிக்க இரண்டு வழி. ஒன்றை முழுதாக முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவது ஒன்று. எல்லாத் துணியிலும் ஒரே மாதிரி வேலையைச் சேர்த்துச் செய்வது இன்னொன்று.

நேரக் கணக்கில் இரண்டாவதுதான் ஜெயிக்கும். ஒவ்வொரு துணிக்கும் நூல் மாற்றி, பாபினில் (அடிநூல் உருளை) நூல் சுற்றி, மெல்லிய பட்டுக்கு 11ஆம் எண், பருத்திக்கு 14ஆம் எண் என்று ஊசி மாற்றுவதிலேயே பொழுது போய்விடும். பச்சை நூல் கோர்த்தால் பச்சைத் துணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம். லைனிங், ஃபால்ஸ் எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடலாம். சாயம் போகும் மெரூன் மட்டும் தனி வாளியில்! கொக்கி, கை ஹெம்மிங் எல்லாம் சீரியல் நேரத்துக்கு.

ஆனால் பல நாள் தைத்தும் உடுத்த ஒன்றுகூடத் தேறாது. அதில் அலுத்துப்போய் மூட்டையை மறுபடி கட்டிவிடுகிறவர்களும் உண்டு. முகூர்த்த நாள் நெருங்கினால் ஒவ்வொன்றாக முடிப்பதே நல்லது. உடம்பு அளவு மாறிய ரவிக்கைக்கும் அதுதான் சரி; போட்டுப் பார்த்து, பக்கத் தையலைப் பிரித்து, திரும்பத் தைக்க வேண்டியிருக்குமே.

விரிப்பை மட்டும் எதோடும் சேர்க்காதீர்கள். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என மூன்று அடுக்கையும் விரித்து ஊக்கு குத்திவிட்டால், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்து முடித்துவிட வேண்டும். இடையில் மடித்து வைத்தால் அடுக்கு நகர்ந்து சுருக்கம் விழும்.